இரண்டாவது புள்ளி

"ஸ்டூல யாரு புடிச்சிருக்கா?" என்று தோஹாவிலிருந்து பிரபு கேட்டான்.

வானதி ஸ்டூலின் மேல் நின்றபடி ஹால் சுவரில் அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் டிவி மேசையின் மேல் கிடந்தது. வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

"யாரும் இல்லீங்க. நான்தான் ஏறி நிக்கிறேன்."

"ஹால்ல ரெண்டு பேருன்னு காட்டுது."

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்டூலின் நான்கு கால்கள், அதனடியில் காலையில் துடைத்த தரை, சுவரில் துளையிட்டபோது உதிர்ந்த செங்கல் தூள். அவ்வளவுதான்.

பெரிய கட்டடங்களைத் தாமாக இயங்க வைப்பதுதான் அவள் கணவன் பிரபுவின் வேலை. ஆள் வந்தால் விளக்கு எரியும், போனால் அணையும். கதவு போனின் சொல் கேட்கும். ஊருக்குத் திரும்பி மயிலாடுதுறையில் சொந்தமாக இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்கு ஒத்திகையாக, போன விடுமுறையில் தன் வீட்டுக் கூரையிலேயே அறைக்கு ஒரு ரேடார் சென்சார் பதித்து, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் போனில் இயங்கும் பூட்டு மாட்டிவிட்டுப் போயிருந்தான். கேட்வே என்கிற இந்தப் பெட்டி மட்டும் பாக்கி இருந்தது. குத்தாலத்து நண்பன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினான். எப்படி மாட்டுவது என்று போனிலேயே பாடம் எடுத்தான். அவன் பாடம் எடுத்தால் வானதிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். சென்சார்கள் எல்லாம் மெதுவாக முணுமுணுப்பவை, அவற்றின் குரல் வீட்டைத் தாண்டாது. கேட்வேதான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முணுமுணுப்பையெல்லாம் கேட்டு, இன்டர்நெட்டில் உரக்கச் சொல்லும். அதைத் தோஹாவில் இருக்கும் அவன் போன் கேட்கும். வீட்டின் வரைபடத்தில் ஆளுக்கு ஒரு புள்ளி வைக்கும்.

"ஃபேன் ஓடுதா? சில நேரம் ஓடுற ஃபேனக்கூட ஆளுன்னு நெனச்சுக்கும்."

அவள் இறங்கி ஃபேனை அணைத்தாள்.

"இன்னும் ரெண்டுதான். அப்ப ஷோகேஸ் கண்ணாடியா இருக்கும். ரேடார் அலை அதுல பட்டுத் திரும்பி உன்னையே ரெண்டாக் காட்டும். எதையாவது போட்டு மூடிப் பாரேன்."

வானதி கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள்.

"ம்ம், ஒண்ணாயிடுச்சு. பாத்தியா, உன் பிம்பம்தான். நான் ஊருல இல்லாத நேரமாப் பாத்து எனக்கொரு சக்களத்தன் வந்துட்டானோன்னு நெனச்சேன்."

அவளும் சிரித்தாள். கையில் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்ணாடியை அவள் இன்னும் மூடவில்லை.

அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் செய்தி தோஹா போய்ச் சேரக் கொஞ்சம் முன்பின் ஆகும் என்று அவனே சொல்லியிருக்கிறானே என்று விட்டுவிட்டாள்.

அதன்பிறகு ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. வீட்டைச் சுற்றிச் சம்பா நட்ட வயல்கள் தண்ணீரில் நின்றன. வடிகால் நிரம்பி, வயலுக்கும் பாதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து வீடு என்றால் வயலுக்கு அப்பால் இருந்த அகிலாண்டம் அக்கா வீடுதான். மழைக்குள் அதன் விளக்கு ஒரு மஞ்சள் கறையாகத் தெரியும். வீட்டுக்குள் விளக்குகள் சொன்னபடி நடந்தன. அவள் சமையற்கட்டுக்குள் நுழைந்தால் அது எரிந்தது, வெளியே வந்தால் அணைந்தது. சில சமயம், அவள் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது படுக்கையறை விளக்கு தானாக எரியும். போய்ப் பார்த்தால் கட்டில், பீரோ, மடித்து வைத்த போர்வை. ஊறப்போட்டு மறந்த நெல்லின் புளித்த வாடை மட்டும் லேசாக இருக்கும். மழைக்காலம், ஈரம், என்று ஊதுவத்தி ஏற்றி வைத்தாள்.

பிரபு விளக்கம் சொல்வது குறைந்துபோயிற்று. கேள்விதான் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்பவன் யார் கூட என்று கேட்டான். ஒருநாள் நேராகவே கேட்டான்.

"மத்தியானம் யாரு வந்தா?"

"யாரும் வரலியே."

"நீ சமையக்கட்டுல இருந்தப்ப பெட்ரூம்ல ஒருத்தன் இருந்தான். நேத்தும் இருந்தான்."

வானதிக்கு முதலில் பயம் வரவில்லை. சுவரில் இருந்த பெட்டியைத்தான் திரும்பிப் பார்த்தாள். லைட்டுக்குத்தான், ஏசிக்குத்தான், கரண்டு மிச்சம் என்று சொல்லி அவள் கையாலேயே மாட்ட வைத்த பெட்டி.

"அப்ப நீங்க பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா?"

"மறைக்க ஒண்ணும் இல்லாதவளுக்குப் பாத்தா என்ன?"

"வீடியோ கால் போடறேங்க. ஒவ்வொரு ரூமாக் காட்டறேன், பாருங்க."

"வீடியோல நீ காட்டுறதத்தான் நான் பாப்பேன். இது நீ காட்டாததயும் காட்டும்."

அப்படியானால் அந்தப் புள்ளிகளைத் தன் போனிலும் பார்க்கும்படி செய்துகொடுங்கள் என்று கேட்டாள். உனக்கு எதற்கு என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலமே இருட்டிவிட்டது. மழை ஒரே சீராக, யாரோ முறத்தில் அரிசி புடைப்பது போல மொட்டைமாடியில் இரைந்துகொண்டிருந்தது; தவளைகள் வயல் முழுக்கக் கத்தின. வானதி முன்கதவருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் வேறெங்கும் போக அவளுக்கு மனம் வரவில்லை. முன்கதவில் கிர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. உடனே பின்கதவிலிருந்தும் அதே சத்தம். போன் அடித்தது.

"அண்ணன் கும்பகோணத்துலேர்ந்து கிளம்பிட்டாரு. ரெண்டு பேரக் கூட்டிட்டு வர்றாரு. அதுவரைக்கும் அந்த வீட்ட விட்டு யாரும் வெளிய போகப்போறதில்ல."

அவள் எழுந்து கைப்பிடியைத் திருப்பினாள். உள்ளிருந்து திருப்பினால் எப்போதும் திறக்கும் கதவு. இப்போது கைப்பிடி வெறுமனே சுற்றியது, எதையும் பிடிக்கவில்லை.

"என்னங்க பண்ணீங்க? உங்க அண்ணன்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"உள்ளத சொன்னேன்."

"நாலு வருசமா உங்க கூட வாழ்ந்திருக்கேன். கூரையில இருக்குற அந்தக் குமிழ் சொல்றத நம்புறீங்க, என்ன நம்ப மாட்டீங்களா?"

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

குரலில் கோபம்கூட இல்லை. கம்பெனிக்காரன் எவனிடமோ பேசுவது போல இருந்தது.

சமையற்கட்டு விளக்கு எரிந்தது.

வானதி அங்கிருந்தபடியே பார்த்தாள். அடுப்பு. தண்ணீர்க்குடம். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களின் விளிம்பில் வெளிச்சம்.

"பாரு, சமையக்கட்டுல நிக்கிறான்" என்றான் பிரபு. "ஒளிஞ்சுக்க எடம் தேடுறானோ?"

"யாரும் இல்லீங்க. எனக்கு அங்க நல்லாத் தெரியுது. யாருமே இல்ல."

"நகர்றான்."

நடை விளக்கு எரிந்தது. ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம் இல்லை. துணி உரசும் சத்தம் இல்லை. வாடை மட்டும் வந்தது, புளித்த நெல்லும் வாய்க்கால் சேறுமாக. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அகிலாண்டம் அக்காவைக் கூப்பிட்டாள். மழை அந்தக் குரலை முற்றத்தைக்கூடத் தாண்ட விடவில்லை.

"கதவத் தொறங்க. கால்ல விழறேன்."

"அவன வெளிய அனுப்பவா? ஹாலுக்கு வந்துட்டான். ஷோகேஸ்கிட்ட."

அந்த உருவத்தை அவளுக்குக் காட்டக்கூடிய ஒரே கண் அவன் போன். அவன் சொல்வதைக் கேட்டுத்தான் அது எங்கே நிற்கிறது என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஷோகேஸுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சோபா, ஒரு பாய் அகலத் தரை.

அப்போதுதான் பிரபு எடுத்த பாடத்திலிருந்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அசையாமல் தூங்குகிறவனையும் ரேடார் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூச்சை வைத்து. நெஞ்சு ஒரு நெல்மணி கனத்துக்கு ஏறி இறங்கினாலும் திரும்பி வரும் அலையில் அது தெரியும். ஒரு சவத்தின் மேல் பட்ட அலையில் தெரியாது. மூச்சடக்கி நின்றால் புள்ளி மறையும்.

"நான் சொல்றத ஒரு தடவ கேளுங்க. இப்ப நான் மூச்ச அடக்கிக்கிட்டு ஆடாம நிக்கப்போறேன். என் புள்ளி போயிடும். மிச்சம் இருக்கறது எங்க இருக்குன்னு சொல்லுங்க. கேமராவ அங்க திருப்புறேன். ஆளு இருக்கா இல்லயான்னு நீங்களே பாத்துக்குங்க. அப்புறமாவது தொறங்க."

"சரி. அத மட்டும் பாக்குறேன்."

அவன் குரலில் பழைய பிரபு ஒரு துளி எட்டிப் பார்த்தான். விளக்கம் கேட்டால் மனம் இளகிவிடும் பிரபு. அந்த ஒரு துளியைப் பிடித்துக்கொண்டு, வானதி போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலியில் வைத்தாள். கதவில் முதுகைச் சாய்த்தாள். மூச்சை நிறைய இழுத்தாள். கையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

மழை.

தவளைகள்.

காதுக்குள் தன் இதயம்.

"ம்" என்றான் பிரபு. "ஒண்ணு போயிடுச்சு."

அவள் கண்களில் நீர் முட்டியது. சொல்லுங்கள். மற்றது எங்கே. சொல்லுங்கள்.

"அதுவும் போயிடுச்சு."

தவளைகளின் கத்தல் நின்றது.

"ஒருத்தரும் இல்லன்னு காட்டுது." அவன் மெல்லச் சிரித்தான். "பிரமாதம் வானதி. நான் சொல்லிக்குடுத்த பாடத்த அவனுக்கும் சொல்லிக்குடுத்துட்ட. ரெண்டு பேரும் சேந்து மூச்சடக்குறீங்க."

அது கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டது. கேட்டுவிட்டு அவளோடு சேர்ந்து இழுத்தது. அவளோடு சேர்ந்து அடக்கியது.

நெஞ்சு எரிந்தது. விடக்கூடாது. விட்டால் அதுவும் விடும்.

வாடை மிக நெருக்கத்தில்.

எங்கே. எங்கே நிற்கிறது. கேட்க வாய் திறக்க முடியாது.

"ஒண்ணு வந்துடுச்சு" என்றான் பிரபு, அலுப்போடு. "இவ்வளவுதானா உன் தம்மு? கதவுகிட்டதான் நிக்கிற. நல்லா வாங்குற மூச்சு தெரியுது."

வானதியின் கை வாயையும் மூக்கையும் பொத்தியபடியே இருந்தது. அவள் இன்னும் மூச்சு விடவில்லை. முதுகு கதவோடு ஒட்டியிருந்தது. கன்னத்தோரம் கலைந்து தொங்கிய ஒரு முடிக்கற்றை, எதிரிலிருந்து மூச்சுக்காற்று பட்டது போல, மெல்ல அவள் பக்கமாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.