பழசு முன்னால், புதுசு பின்னால்

சும்மா கிடைக்கிற வீட்டில் ஏதாவது வில்லங்கம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாடகையை ஏற்றிக்கொண்டே போன பழைய வீட்டுக்காரரின் முகத்தை இனிப் பார்க்க வேண்டாம் என்ற ஒரே சந்தோஷத்தில், சாமான் வண்டியின் முன்சீட்டில் மகளை மடியில் இருத்திக்கொண்டு வந்து இறங்கினாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு குறுகிய சந்து. கணவனைத் தாயில்லாப் பிள்ளையாக எடுத்து வளர்த்த பெரியம்மா, கண்ணை மூடும்போது அவனுக்கென்று விட்டுப்போன வீடு.

சமையலறைக் கதவைத் திறந்ததுமே அந்த வாசனை வந்து முகத்தில் அப்பியது. பழைய மாவு, சோப்பு, மெழுகு, துரு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊறிப்போன வாசனை. மகள் தும்மினாள். தும்மல் இருமலாகி, இருமல் இழுப்பாகி, கட்டிலை இறக்கி முடிப்பதற்குள் மூச்சிழுப்புக்கு அவள் வாயில் அடித்துக்கொள்ளும் பம்பைத் தேட வேண்டியதாயிற்று. அதை எந்தப் பெட்டியில் போட்டது யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் புது வீட்டு வாசலிலேயே ஒரு சண்டை போட்டு முடித்தார்கள்.

அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இருந்தது அந்த அலமாரி. கதவு கிடையாது. இடுப்பு உயரத்தில் சுவரைக் குடைந்தது மாதிரி உள்ளே போகும் ஒரு பொந்து. அதில் தகர டப்பாக்கள் நெருக்கியடித்து நின்றன. பருப்பு, மாவு, சர்க்கரை, பால் பவுடர், சோப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி. ஒவ்வொன்றின் மூடியையும் மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. டப்பாக்களின் தலைக்கும் பொந்தின் கூரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அதற்கு அப்பால் இருட்டு.

பெரியம்மா சின்ன வயதில் ஒரு பஞ்சத்தைப் பார்த்தவள். பஞ்சம் போய்விட்டது, அவள் வயிற்றிலிருந்து பயம் போகவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் கஷ்ட காலத்துக்கு என்று சேர்த்தாள். தெருவில் அவளைக் கிடங்கு என்றே கூப்பிட்டார்கள். சேர்த்ததைத் தின்பதற்கும் அவளிடம் சட்டம் இருந்தது. பழசு முன்னால், புதுசு பின்னால். பழசு தீராமல் புதுசின் மேல் கை வைக்கக் கூடாது. ஆகவே அந்த வீட்டில் புதுசு என்று எதையுமே யாரும் தின்றதில்லை. எல்லாம் வரிசையில் நின்று, பழசாகித்தான் தட்டுக்கு வரும். மொறுமொறுவென்று ஒரு பிஸ்கட் இருக்க முடியும் என்பதே கணவனுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு வந்த மருமகளின் வேலையும் அதேதான். பெரிய சூப்பர்மார்க்கெட்டில் அலமாரித் தட்டுகளில் சாமான் அடுக்குகிறவள் அவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பழைய பாக்கெட்டை முன்னால் இழுத்து, புதிய பாக்கெட்டைப் பின்னால் தள்ளித் தள்ளி அவள் முதுகு போனது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு தட்டு. கடுப்பாக இருக்காதா?

மகளை அந்தத் தெருவிலும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அவ்வளவு சேட்டை. ஆனால் வந்த நாளிலிருந்து வாலுக்கு இழுப்பு நிற்கவில்லை. ராத்திரியானால் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் பழைய தூசு, பூஞ்சணம் ஏதாவது இருந்தால் முதலில் அதை வெளியே எறியுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் பம்பும் கேட்காது என்று சொன்னார்.

அவள் வந்து கணவனிடம் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைப்பான். வீட்டில் ஒரு டப்பாவை நகர்த்தச் சொன்னால் மட்டும் அவனே நின்றுபோவான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றான். எத்தனையோ ஞாயிறு வந்து போயின. கடைசியில் அவள் கத்திய பிறகு வாயைத் திறந்தான்.

"பெரியம்மா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்தது. நாளைக்குக் கஷ்டம்னு ஒண்ணு வந்தா?"

"வந்தாச்சு. உங்க பொண்ணு நெஞ்சுல வந்து உக்காந்திருக்கு. கேக்கலையா உங்களுக்கு?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். திரும்பும்போது தள்ளுபடியில் கிடைத்தது என்று ரெண்டு டப்பா பருப்போடு வந்தான். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

விடுமுறை நாளில் அவளே முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினாள். முன்வரிசை டப்பாக்களைச் சாக்கில் போட்டு, குப்பை வண்டி வந்ததும் தன் கையாலேயே ஏற்றினாள். வண்டி முக்குத் திரும்பும் வரை நின்று பார்த்தாள்.

மறுநாள் காலையில் அதே டப்பாக்கள் அதே இடத்தில் நின்றன. நெளிந்திருந்த டப்பாவும் அதே நெளிசலோடு நின்றது.

கணவன்தான் வண்டியைத் துரத்திப் போய் வாங்கி வந்திருக்கிறான் என்று அவள் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். அவன் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. அடுத்த தடவை டப்பாக்களைத் தானே சுமந்து பஸ் ஏறி, கடைக்குப் பின்னாலிருக்கும் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். வீடு திரும்பியபோது அவை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தன.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் பருப்பு தீர்ந்துபோயிருந்தது. மழை. கடைக்குப் போகத் தெம்பில்லை. ஒழிந்து போகட்டும் என்று முதல் டப்பாவின் மெழுகை உடைத்து, வண்டு பொறுக்கி, பருப்பை வேக வைத்தாள். மட்கின ருசி. மூவரும் தின்றார்கள். காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

தகரம் கல்லில் உரசும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். காலியாகிப்போன இடத்தில் அடுத்த டப்பா வந்து நின்றது. அதன் பின்னால் இருந்தது ஒரு இடம் நகர்ந்தது. அதற்கும் பின்னால், இருட்டுக்குள்ளே, ஒன்றன்பின் ஒன்றாக உரசிக்கொண்டே போன சத்தம் வெகுநேரம் ஓயவில்லை.

அவள் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தாள். வெளிச்சம் போன மட்டும் டப்பாக்கள்தான். பின்பக்கச் சந்துக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தாள். பழைய காலத்துக் கனத்த சுவர், அவ்வளவுதான். அந்தச் சுவருக்குள் ஒரு கை நீளத்துக்கு மேல் இடம் இருக்க வழியே இல்லை.

எறிந்தால் திரும்பி வரும், தின்றால் வராது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. சரி, தின்றே தீர்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் அதிலிருந்தே சமைத்தாள். வரிசையும் நகர்ந்துகொண்டே வந்தது. ஆனால் இந்த மனுஷன் விட்டால்தானே? வாரம் தவறாமல் புது டப்பா வாங்கி வந்தான். போதாக்குறைக்கு, பின்னால் எட்டவில்லை என்று அவற்றை முன்னாலேயே வைத்துவிட்டுப் போனான். ஒரு டப்பா முன்னால் ஏறினால் வரிசை முழுக்க ஒரு இடம் பின்னால் போனது. தின்று தீர்த்ததெல்லாம் வீண்.

அன்றைக்கும் அப்படித்தான். வேலையிலிருந்து வந்தாள். முன்னால் மூன்று புது டப்பாக்கள் பளபளவென்று நின்றன. முதலில் கோபம் வந்தது, அப்புறம் அலுப்பு வந்தது. அலுப்பு வந்தால் மனுஷிக்கு மூளை வேலை செய்வதில்லை, கைதான் வேலை செய்கிறது. கடையில் எதைச் செய்வாளோ அதையே கை செய்தது. மூன்றையும் வெளியே எடுத்தது, பின்னால் வைக்கப் பார்த்தது. எட்டவில்லை.

"நான் உள்ள போறேம்மா," என்றாள் வாலு. அவளுக்கு எலி மாதிரி உடம்பு. அந்த ஒரு முழ இடைவெளி அவளுக்குத் தாராளம்.

அந்த நேரம் பார்த்துக் கணவன் போன் செய்தான். வர நேரமாகும் என்றான். இன்னும் ரெண்டு டப்பா வாங்கி வரட்டுமா என்றும் கேட்டான். அவள் போனில் அவனைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டே, துப்பட்டாவை எடுத்து மகளின் மூக்கில் கட்டினாள். டார்ச்சைக் கையில் கொடுத்தாள்.

"கடைசியில வச்சிட்டுச் சீக்கிரம் வந்துடு. புதுசு பின்னால, பழசு முன்னால. ஞாபகம் இருக்கட்டும்."

"தெரியும்."

பதில் அலமாரிக்குள்ளிருந்து வந்தது. வாலு அப்போது அலமாரிக்கு வெளியேதான் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

போன் இரைச்சலில் அது அவள் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

வாலு மூன்று டப்பாவையும் தள்ளிக்கொண்டே ஊர்ந்து போனாள். டார்ச் வெளிச்சம் சின்னதாகியது. அவளுடைய இழுப்புச் சத்தம் கேட்டது. இன்னும் தூரத்திலிருந்து கேட்டது. அப்புறம் வெளிச்சம் அணைந்தது.

"வாலு?"

தகரம் கல்லில் உரசியது. எல்லா டப்பாக்களும் ஒரே நேரத்தில்.

"வாலு! திரும்பி வா!"

பழைய மாவு வாசனை குப்பென்று வந்தது. முன்வரிசை டப்பாக்களின் மேல் ரெண்டு சின்னக் கைகள் ஊன்றின. மகள் வெளியே வந்து இறங்கினாள்.

உடம்பில் ஒரு பொட்டுத் தூசு இல்லை. மூக்கில் கட்டிய துப்பட்டா இல்லை. அவள் மகளை வாரி அணைத்துக்கொண்டு மார்பில் காதை வைத்தாள். இழுப்பு இல்லை. சுத்தமான, நிதானமான மூச்சு.

இத்தனை மாதமாக எதைக் கேட்டுக் கண்ணீர் விட்டாளோ அது கிடைத்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. கழுத்தைச் சுற்றிய அந்தக் கைகள் மட்டும் ஈரத் தரை மாதிரி ஜில்லென்று இருந்தன.

அன்று ராத்திரி மகளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். மகள் அதைப் பாதியாக உடைத்து, ஒரு பாதியைத் தின்றாள். மறுபாதியைக் காகிதத்தில் சுருட்டித் தலையணைக்கடியில் வைத்தாள்.

"எதுக்குடி அது?"

"கஷ்ட காலத்துக்கு."

அவள் போர்வையை உதறினாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். இருட்டில் அலமாரி முன்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

வெகு தூரத்தில், கடைசியில், ஒரு சின்ன நெஞ்சு விசில் ஊதியது.

கணவனை எழுப்பி வந்து கேட்கச் சொன்னாள். அவன் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடி, வெளியிலிருந்து சுவரை உடைத்தாள். செங்கல் ஒன்று உள்ளே விழுந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் ஒரு கை நீளத்தில் சமையலறை விளக்கு தெரிந்தது. நடுவில் ரெண்டு மூன்று டப்பாக்கள். வேறொன்றும் இல்லை. கணவன் அவளைத் தோளில் பிடித்து உள்ளே கூட்டி வந்தான். மறுநாளே சிமெண்ட் வைத்து ஓட்டையை அடைத்தான்.

டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். தாய்க்குத்தான் ஓய்வு வேண்டும், தூக்க மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார். கணவனுக்கு ஒரே பூரிப்பு. பெண் சேட்டையெல்லாம் விட்டு எவ்வளவு பொறுப்பாகிவிட்டாள், எல்லாம் பெரியம்மா புண்ணியம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் வாயைத் தைத்துவிடலாமா என்று அவளுக்கு வந்தது.

யாரிடம் என்னவென்று சொல்வது? நல்லா மூச்சு விடுகிற பிள்ளையைக் காட்டி, இது என் பிள்ளை இல்லை என்றா?

அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தின்றால் வரிசை நகரும். வரிசை நகர்ந்தால் கடைசியில் நிற்பது ஒரு நாள் முன்னால் வந்தே தீரும். கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து மெழுகை உடைத்தாள். புழுத்த மாவைக் கரைத்துக் குடித்தாள். கட்டியாய்ப்போன சர்க்கரையைக் கடித்து விழுங்கினாள். வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். டப்பா காலியாகும் ஒவ்வொரு தடவையும் தகரம் உரசியது. இழுப்புச் சத்தம் ஒரு அடி கிட்டே வந்தது. ஒரு மத்தியானம் "அம்மா" என்று கூடக் கேட்டது. மூக்கில் துணி கட்டிய குரல்.

"இதோ, அம்மா தின்னுட்டே இருக்கேன்டி," என்றாள் அவள்.

அப்போது பின்னால் காலடிச் சத்தம். பள்ளிக்கூடத்திலிருந்து அது வந்திருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு புது டப்பா. அப்பா வாங்கிக் கொடுத்ததாம். வந்து அவளைச் சுற்றிக்கொண்டு போய், டப்பாவை வரிசையின் முன்னால் வைத்து, ரெண்டு கையாலும் அழுத்தித் தள்ளியது.

டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

"முன்னால வைக்காத," என்றாள் அவள். "புதுசு பின்னால வைக்கணும். அதுதானே சட்டம்?"

அது வாலுவின் கண்களால் அவளைப் பார்த்தது. பொறுமையாக, பெரியவர்கள் சின்னவர்களைப் பார்ப்பது போல.

"புதுசு பின்னாலதான் இருக்கு," என்றது.

பையைத் திறந்து அடுத்த டப்பாவை எடுத்தது. சுவருக்குள் அந்தச் சின்ன விசில் இன்னும் ஒரு அடி தூரம் போனது.