கடைசி ஆளின் குரல்

குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டிருக்கக் கூடாது.

குகைக்குள் நுழைந்ததும் வழக்கம்போலத்தான் அவள் "ஆச்சா?" என்று கேட்டாள், எல்லாரும் வந்தாச்சா என்று அர்த்தம். முன்னால் ஓட்டிக்கொண்டு போகிற ஆள் கேட்க வேண்டும், எல்லாருக்கும் பின்னால் வருகிற ஆள் மட்டும் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும், நடுவில் வருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சைக்கிள் டூருக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் புறப்படுவதற்கு முன் அவள் ஒப்பிக்கிற பாடம் இது. ஓட்டும்போது திரும்பிப் பார்த்தால் கை தானாக வளையும், சைக்கிள் ஓரத்துக்குப் போகும், ஓரத்துக்குக் கீழே ஆறு. அதனால் காதை நம்பித்தான் பிழைப்பு.

கடைசியில் வருவது அவள் தம்பி. நல்ல இடைவெளி விட்டுத்தான் வருவான். அங்கிருந்து சொல்லியிருந்தால் குரல் குகைச் சுவரில் மோதி, இழுத்துக்கொண்டு, நீளமாக வந்திருக்கும். இப்போது வந்த "ஆச்சு" எங்கேயும் மோதவில்லை. அன்றைக்கு டூருக்கு வந்தவர்கள் ஒரு டாக்டரம்மாவும் அவர் வீட்டுக்காரரும்தான், இரண்டு பேரில் பின்னால் வந்தது டாக்டரம்மா. அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி, சாப்பிடும்போது உப்பை எடுத்துத் தரச் சொல்கிற தொனியில் கேட்டது. தம்பியின் குரல் மாதிரித்தான் இருந்தது. மாதிரி.

நின்று பார்த்திருக்கலாம். அவள் மிதித்துக்கொண்டே போனாள்.

ரயில் ஓட்டம் நின்றுபோன பழைய தடம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சரளை கொட்டி இறுக்கி, கார், பைக் எதுவும் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, ஹாரன் சத்தமே இல்லாத பாதை. ரயில் பாலம் மட்டும் வெள்ளத்தில் போய்விட்டதால், குகையைத் தாண்டியதும் சரிவில் இறங்கித் தரைப்பாலத்தில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். மேலே இருக்கிற அணையில் சங்கு ஊதினால் ஷட்டரைத் திறக்கிறார்கள் என்று அர்த்தம், கொஞ்ச நேரத்தில் பாலம் தண்ணீருக்கடியில் போய்விடும். குகை வாசலை நெருங்கும்போதுதான் சங்கு ஊதியிருந்தது.

இதைத்தான் தம்பி காலையில் சொன்னான். "மழை விடவே லேட்டாயிடுச்சுக்கா. இன்னிக்கு வேணாம். பாலத்துகிட்ட மாட்டிக்குவோம்." அச்சகத்தை மூடி வேலை போனதிலிருந்து அவளோடுதான் இருக்கிறான். டீ குடித்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் முன்னால் வைத்து அவள் சொன்னாள்: "ஓசிச் சோறு சாப்பிடுறவனுக்கு யோசனை வேற. பின்னாடி வரத்தான் உன்னை வச்சிருக்கேன். பின்னாடியே கிட." டாக்டரம்மா டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி போய் எல்லா சைக்கிளுக்கும் செயினில் எண்ணெய் விட்டான், அவளுடையதற்கும்.

குகைக்குள் அதெல்லாம் அவள் நெஞ்சில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தினால் திரும்பிப் போக வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லாமல் நிற்பதையும் பார்க்க வேண்டும். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டின் கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது, கரிப்புகை ஊறிப்போன கல்லின் வாடையும், நனைந்த துணியை நாள் கணக்கில் மூட்டை கட்டிப் போட்ட வாடையும் மூக்கில் ஏறின, விளக்கு வெளிச்சத்தில் சரளை மட்டும் நகர்ந்து நகர்ந்து வந்தது. யார் சொன்னால் என்ன, ஆச்சு என்று பதில் வந்துவிட்டது. அவள் மனசு அப்படித்தான் நினைத்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்து பள்ளத்தாக்கில் பனி இறங்கியிருந்தது. சரிவில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏற்கனவே மெல்லிசாக வழிந்துகொண்டிருந்தது. சக்கரத்தின் ஓரம் நனைய, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கடந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

இந்தக் கரையில் செங்குத்தான மேடு. இதில் பேசுவதற்கு யாருக்கும் மூச்சு மிஞ்சாது. டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் வாயாடி, "இங்க ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே இருமிவிட்டு அடங்கினார். அவளுக்கும் தொடை கடுத்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. கியரைக் குறைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

மூச்சு வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுகிற குரல். இந்த மேட்டில், முதுகில் டூல் பையோடு, அவள் தம்பி அப்படிப் பேச முடியாது. அவனுக்குப் படியேறினாலே இளைக்கும்.

"கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுங்க உங்க தம்பியை," என்றார் டாக்டரம்மா. "சக்கரம் உரசுற மாதிரி வர்றாரு. அவர் மேல என்னமோ... ஈர வாடை வேற."

காற்று நன்றாகத்தான் அடித்தது. குகையின் வாடை போகவில்லை.

திரும்பிப் பார். திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அவளால் முடியவில்லை. ஓரத்துக்குப் போய்விடுவோம் என்ற பயமில்லை, அது அவளுக்கே தெரியும். திரும்பினால், குகையிலேயே தனக்குத் தெரிந்திருந்தது உறுதியாகிவிடும். கூடப்பிறந்தவனை இருட்டில் விட்டுவிட்டு வந்தவள் ஆகிவிடுவாள். இன்னும் கொஞ்சம் ஏறலாம். மேட்டு உச்சி வரட்டும்.

"ஆச்சு."

அவள் கேட்கவே இல்லை.

மிதித்தாள். வேகமாக. பின்னால் செயின் சத்தம். டாக்டரம்மாவின் செயின். வீட்டுக்காரரின் செயின். மூன்றாவது சத்தம் இல்லை. குரல் மட்டும்.

"ஆச்சு."

உச்சியில் இளைப்பாற ஒரு கூரை. பெஞ்ச். அவள் சைக்கிளை அப்படியே கீழே போட்டாள். திரும்பினாள்.

டாக்டரம்மா. அவர் வீட்டுக்காரர். அவர்களுக்குப் பின்னால் காலிப் பாதை.

"இப்பதானே சொன்னாரு," என்றார் வீட்டுக்காரர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் சட்டைப்பையில் போன் அடித்தது. தம்பி.

"என்னக்கா நீ, நின்னிருக்கக் கூடாதா? குகைக்கு முன்னாடியே பஞ்சர் ஆயிடுச்சு. நில்லு நில்லுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அப்பல்லேர்ந்து போன் போட்டுட்டு இருக்கேன், இப்பதான் போவுது."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கடா இருக்கே?"

"குகைக்கு இந்தப் பக்கம்தான். ஒட்டியாச்சு, காத்தும் அடிச்சாச்சு."

"அங்கேயே இரு. நகராதே. பாலம் முங்கிடும். நான் ஜீப் புடிச்சுட்டு மலையைச் சுத்தி வர்றேன். தப்பு என்னோடதுடா. காலைல சொன்னதும் தப்பு."

அவன் சிரித்தான். "ஜீப் எதுக்கு? அதான் திரும்பி வந்துட்டியே."

"என்ன சொல்றே?"

"தெரியுதேக்கா உன் மஞ்சக் கோட்டு. குகைக்குள்ள லைட்டைப் போட்டுக்கிட்டு வரக் கூடாதா? ஓட்டும்போது போன் பேசாதேன்னு எனக்கு மட்டும் சொல்லுவே." சற்று நிறுத்தினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "நீ திரும்பி வருவேன்னு நெனைக்கவே இல்லைக்கா. நிஜமாவே."

"டேய், அது நான் இல்லை. நான் மேட்டு மேல நிக்கிறேன். டாக்டரம்மா பக்கத்துல நிக்கிறாங்க. அது நான் இல்லைடா."

"என்னது? விட்டு விட்டுக் கேக்குது. சரி, நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வர்றேன்."

போனுக்குள், அவன் காதுக்கு மிகப் பக்கத்தில், ஒரு பெண் குரல் கேட்டது. அவள் குரல். கொஞ்சமும் மூச்சு வாங்காத அவள் குரல்.

"ஆச்சா?"

"ஆச்சு," என்றான் தம்பி, சந்தோஷமாக. லைன் போய்விட்டது.

அவள் மேட்டிலிருந்து கீழே ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். பின்னால் வீட்டுக்காரர் யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். கீழே தரைப்பாலம் இல்லை. பழுப்புத் தண்ணீர்தான், கரைக்குக் கரை, இரைந்துகொண்டு.

எதிர்க்கரையில் குகை வாய். அதிலிருந்து ஒரு விளக்கு வந்தது. தம்பியின் விளக்கு. அதற்கு முன்னால், நல்ல இடைவெளி விட்டு, விளக்கே இல்லாமல் ஏதோ ஒன்று மங்கலான மஞ்சளாக இறங்கியது.

"போகாதே. டேய். நில்லுடா."

ஆற்றின் இரைச்சல் அவள் கத்தலைத் தின்றுவிட்டது. குகைக்கு முன்னால் அவனும் இப்படித்தான் கத்தியிருப்பான்.

மஞ்சள் தண்ணீருக்குள் போனது. வேகம் குறையவில்லை. விளக்கு தண்ணீர் ஓரத்தில் தயங்கியது. நின்றது. அவளுக்கு உயிர் வந்தது. பிறகு அதுவும் இறங்கியது. அக்கா முன்னால் போகிறாளே.

சக்கரம். இடுப்பு. தோள்.

விளக்கு முங்கியது.

அணையவில்லை.

தண்ணீருக்கடியில், பாலத்தின் மேல், அதே சீரான வேகத்தில் வந்தது. பழுப்புக்குள் ஒரு வட்ட வெளிச்சம். பாதி ஆறு. முக்கால். அவள் நிற்கிற கரையின் சரிவில் ஏறத் தொடங்கியது. அவள் கால் நகரவில்லை. வெளிச்சத்துக்கு முன்னால், அவள் பாதத்துக்கு எதிரே, தண்ணீர் மெல்ல மேடு தட்டியது. மஞ்சள் கோட்டின் தொப்பி மேலே வந்தது. தொப்பிக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈர இருட்டு வாயைத் திறந்தது.