அச்சன் இருக்க வேண்டிய இடம்

"நாலு மணிக்குப் பள்ளிக் கமிட்டி, ரஸியாத்தா. அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா என்னை வேலையைவிட்டு அனுப்பிடுவாங்க."

மாடியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஜெஸிந்தா இதைச் சொல்லிவிட்டாள். கையிலிருந்த சான்றிதழை மேசைமேல் வைத்தாள். கோழிக்கோட்டில் சர்வர் மக்கர் பண்ணினால் கடைசியில் எல்லாரும் வந்து சேரும் இடம் ரஸியாவின் இந்த ஒற்றை அறைதான்.

ரஸியா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள். நடனப் பள்ளியின் சான்றிதழ். குழந்தையின் பெயர் இருந்தது, வீட்டுப் பெயர் இருந்தது, அம்மாவின் பெயரும் இருந்தது. அப்பாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும், வளைவு அடைப்புக்குள், அப்பாவுக்கான மலையாளச் சொல்லான 'அச்சன்' அப்படியே நின்றது. அடியில் டீச்சரின் இடத்தில் பள்ளியின் வட்ட முத்திரை கருநீலமாக அப்பியிருந்தது.

"டெம்ப்ளேட்ல அடைப்புக்குள்ள எந்தச் சொல் இருக்கோ, அதை எடுத்துட்டு அந்தந்தப் பிள்ளையோட விவரத்தைப் போடணும். என் ஸ்கிரிப்டோட வேலையே அதான். மார்ச்லேர்ந்து நான் அதைத் தொடலை. இப்ப நூத்திப்பத்து பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கும் அச்சன் இல்லை."

"யாரோ உள்ள பூந்துட்டான்!" என்றான் ரஸியாவின் கூட்டாளி பிரசூன், வாய் நிறையப் பழம்பொரியோடு. "பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு?"

"முதல்ல அதை முழுங்கு. திருடன் உன்னைவிட மெதுவாத்தான் ஓடுவான்." ரஸியா ஜெஸிந்தாவிடம் திரும்பினாள். "உன்மேல ஏன் சந்தேகம்?"

ஜெஸிந்தா ஜன்னலைப் பார்த்தாள். "என் மக நியா அங்கதான் படிக்கிறா. அவ படிவத்துல அச்சன் பேருக்கு நான் கோடு போட்டுட்டேன். செயலாளர் ராகவன் மாஷ் எல்லார் முன்னாலயும் கேட்டார், 'உனக்கு வேண்டாம்னா ஊர்ல எவனுக்கும் அச்சன் வேண்டாமா?'ன்னு."

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. மார்ச்சில், ஸ்கிரிப்டில் அச்சன் பெயரை நிரப்பும் வரியை எழுதும்போது அவள் கை ஒரு கணம் நின்றது. இந்த இடம் எதற்கு என்று தோன்றியது. பிறகு எழுதிவிட்டாள். ஆனால் மாஷ் கேட்டதிலிருந்து, மனசு நினைத்ததை எப்போதோ கை செய்துவிட்டதோ என்ற பயம். ஸ்கிரிப்டைப் பதினோரு தடவை படித்தாள். பிழையைத் தேடியதாகத்தான் சொல்லிக்கொண்டாள், தேடியது தன்னைத்தான்.

மூவரும் பள்ளிக்குப் போனபோது துலாமாத மேகம் கடல் பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. அலுவலக அறையில் சகாதேவன் எழுந்து நின்றார். இருபத்தாறு வருடமாகப் பள்ளியின் எழுத்து வேலை எல்லாம் அவருடையது. மேசையில் பளபளவென்று ஒரு லேப்டாப். மூலையில் பழைய கம்ப்யூட்டர், துண்டு போர்த்தி. அதன் பின்னால் சுவரில் பிளக் பாயிண்ட் கறுத்திருந்தது.

"புதுசா, சகாதேவேட்டா?" என்று கேட்டாள் ரஸியா.

"மருமகன் கொடுத்தது."

"டெம்ப்ளேட்ல கை வெச்சீங்களா?"

"தேதி மட்டும் மாத்தினேன். மத்ததெல்லாம் இருந்த மாதிரியே, எழுத்துக்கு எழுத்து அடிச்சிருக்கேன்."

ரஸியா தலையாட்டினாள். "ஜெஸிந்தா, உன் ஸ்கிரிப்ட்லேர்ந்து 'அச்சன்'கிற சொல்லை நகல் எடுத்து, டெம்ப்ளேட்ல தேடு."

தேடினாள். இல்லை என்றது திரை. சொல் கண்ணெதிரே இருந்தது. அம்மாவுக்கான 'அம்ம' என்ற சொல்லைத் தேடினாள், உடனே கிடைத்தது.

"சாத்தான் வேலை," என்றான் பிரசூன்.

ரஸியா சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையின் நீலத்துக்கு அடியில் உற்றுப் பார்த்தாள். பிறகு, "கமிட்டியைக் கூப்பிடலாம்," என்றாள்.

நாலு மணிக்கு ராகவன் மாஷும் இரண்டு உறுப்பினர்களும் வந்து உட்கார்ந்தார்கள். சகாதேவன் வாசலோரம் நின்றார்.

"மாஷே, அச்சன்மார்மேல இவளுக்குக் கோபம்னே வெச்சுக்குவோம். டீச்சர் என்ன பாவம் பண்ணினாங்க?" ரஸியா சான்றிதழை நீட்டினாள். "முத்திரைக்கு அடியில பாருங்க. அங்கயும் பேர் இல்லை. 'டீச்சர்'னு வெறும் சொல்தான். முத்திரை மறைச்சதால யாரும் கவனிக்கலை."

மாஷ் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அம்ம, வீடு, பிள்ளைக்கான 'குட்டி' எல்லாம் வருது. அச்சன், டீச்சர் ரெண்டும் வரலை. இந்த ரெண்டும் எப்படி முடியுது?"

பிரசூன் துள்ளினான். "சில்லு!"

தமிழில் 'ன்' தலையில் புள்ளி வைத்துக்கொள்ளும். மலையாளத்தில் எழுத்தே வாலைச் சுருட்டி மேலே தூக்கிக்கொள்ளும். அதுதான் சில்லு.

"பழைய கம்ப்யூட்டர்ல சில்லு அடிக்க மூணு தட்டு வேணும். எழுத்து, அதைக் குறைக்கிற குறி, அப்புறம் கண்ணுக்கே தெரியாத ஒரு ஒட்டு. புதுசுல ஒரே தட்டு. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. மெஷினுக்கு வேற வேற. ஜெஸிந்தா மார்ச்ல பழைய டெம்ப்ளேட்லேர்ந்தே சொற்களை நகல் எடுத்து ஸ்கிரிப்ட்ல வெச்சா. பொருந்திச்சு. அப்புறம் யாரோ மொத்த டெம்ப்ளேட்டையும் புது மெஷின்ல திரும்ப அடிச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "தேதி மட்டும் மாத்தினவங்க 'எழுத்துக்கு எழுத்து அடிச்சேன்'னு சொல்ல மாட்டாங்க, சகாதேவேட்டா."

சகாதேவன் துண்டு போர்த்திய மூலையைப் பார்த்தார்.

"இடி இடிச்சப்ப பிளக்கைப் பிடுங்க மறந்துட்டேன். இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழைய பிரிண்டைப் பார்த்து ரெண்டு நாள் அடிச்சேன். மூணு தடவை சரிபார்த்தேன். இந்தப் பொண்ணைத் திட்டறதுக்கு அதுதான் காரணம்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்? நீங்க எழுதினதும் சரி, அவ எழுதினதும் சரி."

அவ எழுதினதும் சரி. ஜெஸிந்தா அந்தச் சொற்களை மனசுக்குள் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள். கை மார்ச்சில் நின்றது உண்மை. நின்றதோடு சரி, வேறெதுவும் செய்யவில்லை.

லேப்டாப் முன் உட்கார்ந்து, சொல்லைத் தேடும் முன் இரண்டு வகைச் சில்லுகளையும் ஒன்றாக்கிக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தாள். தட்டினாள். சந்திரன், ஹம்சக்கோயா, வர்க்கீஸ் என்று அச்சன்மார் ஒவ்வொருவராக வந்து இடத்தில் உட்கார்ந்தார்கள். எழுபத்துமூன்றாவது நியா. அம்மாவின் பெயருக்கு முன்னால், அச்சன் இருக்க வேண்டிய இடத்தில், படிவத்தில் அவள் போட்ட அதே கோடு.

பின்னால் நின்ற ராகவன் மாஷ் தொண்டையைச் செருமினார்.

"மோளே... அந்தக் கோடு அங்க எதுக்கு? அதை எடுத்துடு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டை எடுத்தாள்.

மேலே இடி இறங்கியது. யாரும் அசையுமுன் சகாதேவன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "இந்தத் தடவை விடுவேனா!" என்றார். பிரசூன் கைதட்ட, ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கும் போயிருந்தது. பேட்டரியில் விழித்திருந்த திரையில் மட்டும் தெரிந்தது: ஜெஸிந்தாவின் மகள் நியா.