ஆதிரையின் கண்ணீர் விடைக்குறிப்பு

குமிழூரில் குழந்தைகள் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பார்கள், பிடரியைத் துடைப்பார்கள், அன்றைய பாடத்தைச் செருகிக்கொள்வார்கள். பிடரிச்செருகி என்பது கழுத்தின் பின்பக்கம், மயிர் முடியும் இடத்தில், காது குத்தும்போதே சேர்த்துக் குத்திவிடுகிற சிறு துளை. அதில் ஒரு வில்லையை வைத்தால் நான்கே நிமிடத்தில் ஒரு நாள் பாடம் முழுவதும் மூளையில் ஏறிவிடும். தட்டிலிருக்கும் இட்லி ஆறுவதற்குள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காந்தவியல் முடிந்திருக்கும்.

அப்படியானால் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பீர்கள். தேர்வு வைக்கத்தான். எல்லாருக்கும் எல்லாமே ஏறிவிட்டது, யார் முதல் யார் கடைசி என்று தெரியவில்லை என்றால் பெற்றோருக்குச் சோறு இறங்குமா? நல்ல காரியத்துக்குச் செவ்வாய் ஆகாது என்று பூமியில் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாரிசுகள்தான் செவ்வாய்க் கோளுக்கே குடிவந்தார்கள். வரும்போது ஆற்றை விட்டார்கள், மழையை விட்டார்கள், எடை கூடுகிறது என்று குலதெய்வத்தையும் விட்டார்கள். நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி என்பதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மங்கையர்க்கரசி அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளுக்கு மங்கை மிஸ். ஒருநாள் பேச்சுவாக்கில், எமில் பிராந்த்னரின் இசைக்கோவையை யாரெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். இருபத்து மூன்று கைகளும் உயர்ந்தன. அதில் வியப்பில்லை. பழைய பூமியின் நானூறு இசைப்படைப்புகளைக் கேட்டதாக ஒரு 'கேட்ட நினைவு' நான்காம் வகுப்பிலேயே ஏற்றப்பட்டிருந்தது. ஒரு படைப்புக்கு அரை விநாடி ஆகும்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு மிஸ்," என்றன இருபத்து மூன்று வாய்களும் ஒரே ராகத்தில்.

அந்த 'நல்லா இருந்துச்சு' அவளைச் சுட்டது. பிராந்த்னரின் இசைக்கோவை நாற்பத்தொரு நிமிடம் ஓடக்கூடியது. மங்கை அதை இருபது வயதில் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவள். அன்று எழுந்திருக்க மனமில்லாமல் நாற்காலியிலேயே கிடந்தவள். தன் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையாவது அதை நிஜமாகக் கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

கல்விமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். தமிழ் படித்தவள் அல்லவா, காதால் கேட்டு அறிவதற்குப் பழந்தமிழில் என்ன சொல்லோ அதையே தலைப்பில் வைத்தாள்: 'குழந்தைகளுக்கான கேள்வி வகுப்பு, வாரம் ஒரு மணி நேரம்.'

மறுநாளே அனுமதி வந்தது. கூரையில் ஓட்டை என்று எழுதினாலே எட்டு மாதம் கழித்துப் பதில் போடுகிற மன்றம் அது. கூடவே அதன் செயலர் தணிகாசலமும் அழைத்தார்.

"பிரமாதம்மா! கேள்வி வகுப்புன்னு ஒண்ணு தனியாவே வேணும்னு நானும் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கேன். வாரத்துக்கு எத்தனை கேள்வி? நூறு வருமா?"

மங்கைக்கு அப்போதுதான் விளங்கியது. திருத்திச் சொன்னால் அனுமதி போய்விடும். "பாத்து வைக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு பொய்யில்தான் எல்லாம் தொடங்கியது.

முதல் வகுப்பில் அவள் பிராந்த்னரின் கதையைச் சொன்னாள். தோல் பதனிடுகிறவரின் மகன். வீட்டு நாற்றத்துக்குப் பயந்து யாரும் பக்கத்தில் உட்காராத பையன். அவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா லீனா. இசைக்கோவையின் மூன்றாம் பகுதியை அவன் பாதி எழுதியிருந்தபோது அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். பதினொரு மாதம் அவன் ஒரு சுரம்கூட எழுதவில்லை. மறுபடி எழுதியபோது, விட்ட இடத்தை ஒட்டவைக்காமல் ஏழு விநாடி மௌனமாகவே விட்டுவிட்டான்.

பிறகு இசைக்குழுவைப் படமாகக் காட்டினாள். மரமும் நரம்பும் குதிரைமயிரும் பித்தளையுமாக எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுபது பேரும் ஒரே ரூம்லயா மிஸ்?" என்று ஒரு பெண் திகைத்துப்போய்க் கேட்டாள். "அதுலயும் பாதிப் பேரு ஊதுறாங்க. காத்து பத்துமா?"

அவள் பெயர் ஆதிரை. பத்து வயது. அப்பா துரையரசன் காற்றுக்குழாய் பழுதுபார்க்கிறவர். இருக்கிற காற்றில் எத்தனை பேர் மூச்சு விடலாம் என்ற கணக்கு அந்த வீட்டில் சாப்பாட்டுப் பேச்சு.

"அங்க காத்துக்குப் பஞ்சமே இல்லடா. எவ்வளவு வேணா ஊதலாம்," என்றாள் மங்கை. பிள்ளைகள் நம்பவில்லை.

அடுத்த வாரம் பிடரிச்செருகிகளையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியில் இசையைப் போட்டாள். முதல் கால் மணி நேரம் பெரும்பாடு. நெளிந்தார்கள், கொட்டாவி விட்டார்கள். எப்போது முடியும் என்று ஒருவன் மூன்று முறை கேட்டான். மூன்றாம் பகுதியில் ஓபோ தனியாக எழுந்தது. நாகசுரத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம், ஆனால் மூக்கடைத்த குரல். அது ஒரு மெட்டைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது. எழுபது பேரும் நிறுத்தினார்கள்.

இருபத்து மூன்று பிள்ளைகளும் துள்ளி எழுந்து மேசைக்கடியில் இருந்த மூச்சுக்கவசத்தை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. குமிழூரில் சத்தம் நின்றால் மூச்சுக்காற்று தரும் இயந்திரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். நடை பழகும்போதே கற்றுக்கொடுப்பது அது. அவர்கள் மண்டைக்குள் இருந்த கேட்ட நினைவிலோ அந்த மௌனமே கிடையாது. வெற்றிடம் வீண் என்று சுருக்கும்போது கத்தரித்திருந்தார்கள்.

ஏழு விநாடி கழித்து ஓபோ திரும்ப வந்தது. கவசங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சிரிப்பும் கூச்சமுமாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆதிரை மட்டும் நின்றபடியே அழுதுகொண்டிருந்தாள்.

"பயந்துட்டியாடா?"

"இல்ல மிஸ். லீனா அக்கா நெஜமாவே செத்துட்டாங்க."

மங்கை அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்து போனாள் என்றே சொல்ல வேண்டும். வகுப்புப் பதிவேட்டில் எழுதிவைத்தாள்: 'மூன்றாம் பகுதி, மௌனத்தின் ஆறாம் விநாடி. ஆதிரை அழுதாள். இதைவிட வேறென்ன வேண்டும்.'

பதிவேட்டை மன்றமும் படிக்கும் என்பது மகிழ்ச்சியில் அவளுக்கு மறந்துபோயிற்று.

ஒரே மாதத்தில் கேள்வி வகுப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயப் பாடமானது. எழுத்துத் தேர்வுக்கு எழுபது, செய்முறைக்கு முப்பது. எழுத்துத் தேர்வில் பிராந்த்னரின் அப்பா எந்த விலங்கின் தோலைப் பதனிட்டார் என்று கேட்டார்கள். செய்முறையில் மாணவர் மணிக்கட்டில் உணர்வுமானியைக் கட்டி, மூன்றாம் பகுதியை மூன்று நிமிடம் ஒலிக்கவிட வேண்டும். விடைக்குறிப்பும் அச்சாகி வந்தது: 'மௌனத்தின் ஆறாம் விநாடியில் கண்ணீர். இடக்கண்ணில் மட்டும் வந்தால் பாதி மதிப்பெண்.'

அதற்கடுத்த வாரமே தனிப்பயிற்சி நிலையங்கள் முளைத்தன. 'நெகிழ்ந்த நினைவு' என்று ஒரு வில்லை வந்தது. கேட்ட நினைவு, மௌனம், அதற்குரிய கண்ணீர் மூன்றும் ஒன்றாக அதில் இருந்தன. ஏற்றிக்கொண்டால் ஆறாம் விநாடியில் கண் தானாக நனையும். பழைய நினைவு ஏதாவது இருந்தால் குழப்பம் வராமல் இருக்க அதை அழித்துவிடவும் செய்யும்.

துரையரசன் பள்ளிக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எல்லாரும் அந்த வில்லையைப் போடுறாங்க மிஸ். எம்பொண்ணுக்கும் போட்டுரட்டுமா?"

"ஐயோ, அவளுக்கு எதுக்குங்க? அவ தினமும் நெஜமாவே கேக்குறா. அவளைவிட யாரு நல்லாச் செய்வாங்க?"

"நீங்க சொன்னாச் சரிதான் மிஸ்."

ஆதிரை தினமும் கேட்டாள் என்பது உண்மைதான். சாயங்காலம் அப்பாவின் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்து நாற்பத்தொரு நிமிடமும் கேட்பாள். இரண்டாம் பகுதியில் கொம்புக்காரர் ஒருவர் மூச்சு வாங்குவது கேட்கிறது என்று கண்டுபிடித்து வந்து சொன்னாள். மங்கைக்கே அது தெரியாது.

செய்முறைத் தேர்வு நடந்தது. ஓபோ நின்றது. ஆறாம் விநாடியில் இருபத்திரண்டு பிள்ளைகளின் கண்ணிலிருந்தும் சொல்லிவைத்தாற்போல நீர் வழிந்தது. ஆதிரை புன்னகை செய்தாள்.

முப்பதுக்கு நான்கு. செய்முறையில் தோற்றால் பாடத்திலேயே தோல்வி. ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடம் தோற்றாலும் ஆறாம் வகுப்புக்கு மேல்குமிழ்ப் பள்ளியில் இடம் கிடையாது. அப்பாவோடு குழாய்க்குள் இறங்க வேண்டியதுதான். மூன்று வாரத்தில் மறுதேர்வு என்று ஒரு வாய்ப்பு மட்டும் உண்டு.

"ஏண்டா சிரிச்ச?" என்று கேட்டாள் மங்கை.

"அது திரும்ப வரும்னு எனக்குத் தெரியும்ல மிஸ். வரப்போவுது, வரப்போவுதுன்னு இருந்துச்சு."

மங்கை அந்த மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு தணிகாசலத்திடம் ஓடினாள்.

"சார், உங்க விடைக்குறிப்பே இந்தப் பொண்ணு கண்ணீர்தான் சார்! என் பதிவேட்டுலேர்ந்துதான எடுத்தீங்க? முதல்ல அழுதவளே இவதான்!"

தணிகாசலம் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, பதிவேட்டைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அட, ஆமாம்மா. அப்ப சரியான விடை அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச விடையைப் போய் யாராவது மாத்தி எழுதுவாங்களா? நீங்க கொஞ்சம் பயிற்சி குடுத்திருக்கக் கூடாதா?"

மங்கைக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. தேர்வே இல்லாத ஒன்றைக் கொடுக்கப் போய், அதையும் தேர்வாக்கி, அதில் அந்த ஒரு பிள்ளையை மட்டும் தோற்கடித்துவிட்டாள்.

மறுதேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் துரையரசன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் நெகிழ்ந்த நினைவு வில்லை இருந்தது. முகத்தில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை. அதுதான் மங்கைக்குத் தாங்க முடியவில்லை.

"எனக்குச் செருகத் தெரியல மிஸ். இது புதுசா இருக்கு. நீங்களே போட்டுவிட்டுருங்க."

"ஆதிரை, இதப் போட்டா நீ கேட்டதெல்லாம் போயிரும்டா. அந்தக் கொம்புக்காரர் மூச்சு வாங்குறது, எல்லாமே."

ஆதிரை யோசித்தாள். "ஆனா இதுல தப்பு வராதுல்ல மிஸ்?"

"வராது."

அவள் திரும்பி உட்கார்ந்து கூந்தலை விலக்கிப் பிடரியைக் காட்டினாள். மங்கை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைக் குழாய்க்குள் அனுப்ப அவளுக்குத் தைரியம் இல்லை. வில்லையை வைத்து அழுத்தினாள். அரை விநாடிதான் ஆயிற்று.

மறுநாள் ஆறாம் விநாடியில் இரு கண்ணிலும் நீர் வந்தது. முப்பதுக்கு முப்பது. துரையரசன் ஆசிரியர் அறை முழுக்க மிட்டாய் கொடுத்தார். கண் கலங்கி, மங்கையின் காலில் விழக்கூட வந்தார்.

எல்லாரும் போன பிறகு ஆதிரை மட்டும் புத்தகப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். மங்கைக்கு ஒரு நப்பாசை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் என்ன? குழந்தைதானே, நாற்பத்தொரு நிமிடம்தானே. ஒலிபெருக்கியின் மேல் கையை வைத்தாள்.

"உக்காரு ஆதிரை. பிராந்த்னரை ஒருதடவ கேக்கலாமா?"

ஆதிரை அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"அதான் பாஸ் பண்ணிட்டேனே மிஸ், இனிமே எதுக்கு?"