கடன் கம்பெனியும் எழுதவில்லை

மகளின் கடிதங்களை யாரோ திருடுவதாகச் சொல்லிக்கொண்டு தவசிமுத்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்தார். பீரங்கிப் படையில் இருபது வருஷம் இருந்து காதைக் கொடுத்தவர். எதிரில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும். போனில் வெறும் இரைச்சல்தான். அதனால் மஸ்கட்டில் இருக்கும் மகள் இந்து ஞாயிறுதோறும் ஈமெயில் எழுதுவாள். மூன்று ஞாயிறாக ஒன்றும் இல்லை. அவளுக்கு இது பேறுகால மாதம். மனைவி போன பிறகு அவருக்கு அவளை விட்டால் யாருமில்லை.

மாடியில் குடியிருக்கும் ஜெபின்மேல்தான் அவருக்குச் சந்தேகம். பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியும். இந்துவுக்குப் போன் போட்டும் எடுக்கவில்லை என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை.

ராஜபாளையத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஓய்வுபெற்ற ஏட்டு பாண்டிதுரை பொறுமையாகக் கேட்டார். உதவியாளர் பானுப்பிரியா அதற்குள் மனசில் ஜெபினுக்கு விலங்கே மாட்டிவிட்டாள்.

"மூணு வாரமா ஒரு மனுசன் எழுதல. அந்தக் கடன் கம்பெனிக்காரவிய கூட எழுதல" என்றார் தவசிமுத்து.

பாண்டிதுரை நிமிர்ந்தார். "அவியளுமா? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் உட்கார்ந்து தேய்ந்திருந்தது. சுவரில், பட்டாளத்துக் காலத்துக் கடிதங்கள் கம்பியில் குத்தித் தொங்கின. கம்ப்யூட்டர் திரையின் மேலே சிவப்பாக ஒரு வரி. அது ஏதோ விளம்பரம் என்று தவசிமுத்து படித்ததே இல்லை. அவர் அனுப்பியவற்றைப் பாண்டிதுரை திறந்தார். 'ஐயா, எனக்குக் கடன் தேவையில்லை. தங்கள் குடும்பத்தார் நலமறிய ஆவல்.' லாட்டரிக்காரனுக்கும் வழுக்கைத் தைலக்காரனுக்கும்கூட இப்படித்தான் மரியாதையாகப் பதில் போயிருந்தது.

ஜெபினையும் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இவன் எடுத்திருந்தா இந்து எழுதினத மட்டுந்தான் எடுத்திருப்பான். விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கும். எல்லாமே ஒரே நாள்ல நின்னிருக்குன்னா, ஈமெயில் பெட்டி நெறஞ்சுபோச்சு. செவப்பு வரி சொல்றதும் அதத்தான். நீங்க கடுதாசியக் கிழிச்சுப் போடுற ஆள் இல்லன்னு இந்தக் கம்பியே சொல்லுது. நீங்க பதில் போட்டதும் இங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சு விளம்பரக்காரவிய நாலு மடங்கா அனுப்பிட்டாவ. மக எழுதினது இடமில்லாமத் திரும்பிப் போயிருக்கு."

தவசிமுத்து ஜெபினின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வந்த கடுதாசிக்குப் பதில் போடணும்லா. எனக்கு வேற யாரு எழுதுதா?"

"இந்த விளம்பரக்காரனுகளச் சட்டம் போட்டு உள்ள தள்ளணும் சார்" என்றாள் பானுப்பிரியா.

"போடணும். அனுப்புறவனுக்குச் செலவே இல்ல. இவருக்குத்தான் மூணு ஞாயித்துக்கெழம போச்சு" என்றார் பாண்டிதுரை.

பதினோராயிரம் விளம்பரங்களை அழித்தார்கள். கால் மணி நேரத்தில், இரண்டு நாளாக வழியில் காத்துக்கிடந்த ஒரு கடிதம் வந்து விழுந்தது.

'அப்பா, நான் எழுதுறதெல்லாம் திரும்பி வருது. என்மேல அவ்வளவு கோபமா? ஆஸ்பத்திரியில இருந்ததால போனும் எடுக்க முடியல. பேரன் பிறந்து நாலு நாளாச்சு.'

தவசிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாகப் பதில் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் கடன் கம்பெனியிலிருந்து புதிதாக ஒன்று வந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எழுத மாட்டேன்னு இவியளுக்கு ஒரு வரி மட்டும் போட்டுரட்டுமா?" என்று கேட்டார்.