இடது பக்கப் பின்கதவு

நானும் மச்சினனும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. விளம்பரத்தில் பார்த்த கார் காம்பவுண்டுக்குள் நின்றது. சாம்பல் நிறம், தினமும் துடைத்து வைத்த பளபளப்பு. நான்கு கண்ணாடிகளும் அடிவரை இறக்கிவிடப்பட்டிருந்தன.

நான் தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். மெஷினின் இரும்புத் தலையை ஸ்கூட்டரில் காலடியில் வைத்து வீடு வீடாக ஓட்டியதில் என் முதுகு போய்விட்டது. கார் வாங்கியே தீர வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. மச்சினன் கார் மெக்கானிக். தொழிலில் அவனுக்குப் பட்டப்பெயர் காது. பானெட்டைத் திறக்காமல், சத்தத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி அவனிடம் பேசக்கூடாது.

காது தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்கம் முழுவதும் பார்த்தான். கதவு ரப்பரை உரித்து வெல்டிங் பார்த்தான். விரல் முட்டியால் நாலு பக்கமும் தட்டினான்.

"மாமா, ஒரு கீறல் இல்ல. எங்கயும் இடிபடல. பின்னாடி வலது கண்ணாடி மட்டும்தான் மாத்தியிருக்கு."

"கல் பட்டுடுச்சு" என்றார் சொந்தக்காரர்.

ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிற மனிதர். முகத்தை மழமழவென்று சவரம் செய்திருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ரகசியம் சொல்வதுபோலவே பேசினார். "வீட்டுல அவ தூங்கறா. கொஞ்சம் மெதுவா எடுத்துட்டுப் போயிடுங்க."

சாவியைக் கொடுத்த பிறகும் கூரையில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"கண்ணாடி இறக்கி வச்சே ஓட்டுங்க. மழை வந்தாலும் பரவால்ல, ஏத்திடாதீங்க."

காது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். வாங்குகிற இடத்தில் எல்லாம் இப்படி ஒரு கிறுக்கு இருக்கும் என்பது அவன் கட்சி. தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மனிதர் நடுத்தெருவில் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத்தான் என்று நினைத்து நானும் கையை வெளியே நீட்டி அசைத்தேன்.

நெடுஞ்சாலையில் வண்டி வெண்ணெய்யாக ஓடியது. எனக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காது மட்டும் கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தான்.

"மாமா, என் சீட்டுக்குப் பின்னாடி ஒரு சத்தம்."

எனக்கும் கேட்டது. டக். டக் டக். மெத்தென்ற, அவசரமில்லாத சத்தம்.

"சத்தம் மட்டும் இல்ல. முதுகுல இடிக்குது. சீட்டு நகர்ற தண்டவாளம் தேஞ்சிருக்கு. நான்தான் சரியா பாக்கல."

அவனாகவே தப்பை ஒத்துக்கொண்டது அதிசயம். தன்மேலேயே வந்த கோபத்தில், சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று வரிந்து கட்டிக்கொண்டான். அதற்கு ஒர்க்ஷாப்பில் அவனுக்கு ஒரு முறை உண்டு.

"எல்லாக் கண்ணாடியும் ஏத்துங்க. ஏசி, ரேடியோ எதுவும் வேணாம். காத்து சத்தம் நின்னாத்தான் வண்டியோட சத்தம் கேக்கும்."

கிறுக்கு மனிதர் சொன்னது ஞாபகம் வந்தது. வந்தும் ஏற்றினேன்.

உச்சி வெயில். இரண்டு பக்கமும் மரமே இல்லாத சாலை. உள்ளே சூடு சரசரவென்று ஏறியது. பிளாஸ்டிக் காய்கிற வாசனை வந்தது. அதற்கு அடியில், திரிந்த பால் வாசனை ஒன்று. காது கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

டக் டக். டக் டக் டக்.

வேகம் கூடியது. நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன், சத்தம் குறையவில்லை. காது தன் சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தான், பின்னால் தள்ளிப் பார்த்தான். அது படபடவென்று, எதையோ உதைத்து உடைக்கப் பார்க்கிற மாதிரி அடித்தது. பிறகு இடைவெளி விட்டு அடித்தது. பிறகு ஒன்று.

நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, தன்னால செட் ஆயிடுச்சு" என்றான் காது, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அப்போது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். கண்ணாடிகள் ஏற்றியபடியே இருந்தன. வெயிலில் பூட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். இலையில் கை வைத்திருப்போம், வாசலைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு கடைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"அந்த சாம்பல் கலர் வண்டி யாருது?"

"எங்களுதுதான்."

"மனுஷங்களா நீங்க? பச்சப் புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு இங்க உக்காந்து கொட்டிக்கிறீங்களே!"

கடை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"புள்ளையா? எங்களோட யாரும் வரலம்மா" என்றேன்.

"பொய் சொல்லாத. இடது பக்கம், பின் சீட்டுல. நான் கண்ணால பாத்தேன்."

கழுவாத கையோடு ஓடினோம். வண்டிக்குள் யாரும் இல்லை. அந்த அம்மா கண்ணாடியில் முகத்தை வைத்து மூலை மூலையாகப் பார்த்தாள். அவளுடைய கோபம் வடிந்து, குரல் தேய்ந்துவிட்டது.

"இங்கதான் இருந்துச்சு. முடியெல்லாம் நெத்தியில ஒட்டிக்கிட்டு. என்னைப் பாத்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. சத்தமே வரல."

கண்ணாடியின் உள்பக்கம், கீழ் ஓரத்தில் ஈரமாக ஒரு தீற்றல் இருந்தது. அந்தப் பின்கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முன்கதவைத் திறந்து, எட்டிக் கை விட்டுத் துடைத்தேன். கையை எடுப்பதற்குள் அதே இடத்தில் மறுபடியும் ஈரம் படிந்தது.

காது பின்கதவில் தன் காதை வைத்தான். எத்தனை வருஷமாக எத்தனை வண்டிகளில் வைத்த காது. அவன் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மாமா."

"என்னடா?"

"மூச்சு."

அந்த மனிதரின் நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். தூங்கி எழுந்த குரல்.

"அவர் வாசல்ல உக்காந்திருக்கார். நீங்க யாரு?"

"காலைல கார் வாங்கிட்டு வந்தவங்கம்மா." இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "வண்டியில ஒரு குழந்தை இருக்கும்மா."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"எந்தப் பக்கம்?"

"பின்னாடி. இடது பக்கம்."

"கண்ணாடி?"

"ஏத்தியிருக்கும்மா."

அப்போது அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வராது. அதற்குப் பிறகு ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இறக்குங்க, இறக்குங்க, எல்லாத்தையும் இறக்குங்க. காது ஏற்கெனவே இறக்கிக்கொண்டிருந்தான்.

"கொண்டு வந்துடுங்க" என்றாள். "என் புள்ளய கொண்டு வந்துடுங்க."

போன் கை மாறியது. அவர் பேசினார். இப்போதும் அதே ரகசியக் குரல்.

"அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல். பாப்பாவ நான்தான் ஸ்கூல்ல விடணும். எப்பவும் இவதான் விடுவா. பின்னாடி ஏறினதும் தூங்கிடுச்சு. சத்தமே இல்ல. ஆபீஸ்லேர்ந்து ஒரு போன். பேசிக்கிட்டே, பழக்கத்துல, நேரா ஆபீஸுக்கே போயிட்டேன். வெயில்ல நிறுத்திப் பூட்டிட்டு உள்ள போயிட்டேன். மறந்துட்டேன்ங்க. என் புள்ளய மறந்துட்டேன்."

காதுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்தக் கதவு உள்ளேர்ந்து திறக்காது. சைல்டு லாக். ஓடற வண்டியில விழுந்துடக் கூடாதுன்னு நான்தான் போட்டேன். அப்புறம் புள்ள மேல சில்லு விழாம வலது பக்கக் கண்ணாடிய உடைச்சு எடுத்தாங்க."

"இருக்குன்னு தெரிஞ்சேதான் வித்தீங்களா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"தினமும் சாயங்காலம் போய் முன் சீட்டுல உக்காருவேன். கண்ணாடி திறந்திருந்தா பயப்படாது. கால ஆட்டிக்கிட்டே இருக்கும். இவளுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு இருந்தேன். தெரிஞ்சா அந்த வண்டிய விட்டு இறங்க மாட்டா. சோறு தண்ணி இல்லாம அதுலயே போய்ச் சேந்துடுவா. மிச்சம் இருக்கிற ஒருத்தியையாவது காப்பாத்தலாம்னு பாத்தேன்."

"அந்தக் கதவ ஒரு நாளாவது திறந்து விட்டீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க திறப்பேன்?"

போனை வைத்ததும் காது சாவியைக் கடை மேஜைமேல் வைத்தான். "மாமா, பஸ் புடிச்சுப் போயிடலாம். அவங்க வந்து எடுத்துக்கட்டும். என்னால முடியாது."

பயம் எனக்கும்தான். ஆனால் அந்த வெட்டவெளியில் அந்த வண்டியை விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப நாமளும் ஒரு தடவ விட்டுட்டுப் போறோம்" என்றேன்.

காது நின்று யோசித்தான். சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தான். பிறகு சுற்றிக்கொண்டு போய், வலது பக்கப் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான்.

"என்னடா?"

"பக்கத்துல யாராவது இருக்கட்டும்."

வந்த வழியே திரும்பினோம். நான்கு கண்ணாடிகளும் திறந்திருந்தன, புழுதி முகத்தில் அடித்தது. வெயில் சாய்ந்தது. வெகு தூரம் வரை எந்தச் சத்தமும் இல்லை. காது மட்டும் பேசிக்கொண்டே வந்தான், வெறும் சீட்டைப் பார்த்து. இது டயர் சத்தம். இது லாரி போற சத்தம், பயப்படாத. இந்த மாமாவுக்கு கியர் போடத் தெரியாது, அதான் கர்ருங்குது.

அப்புறம், மெதுவாக.

டக். டக்.

முன்னால் என் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அதன் முதுகு லேசாக அசைந்தது.

"மாமா" என்றான் காது, மூச்சோடு மூச்சாக. "திரும்பிப் பாக்காதீங்க."

"என்ன?"

"என் விரலப் புடிச்சிருக்கு."

கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலை நீட்டியபடி கையைச் சீட்டில் வைத்திருந்தான். அவன் தாடையெல்லாம் கண்ணீர்.

"கொதிக்குது மாமா. சின்னக் கை, கொதிக்குது. வேகமா போங்க."

அவனுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமே ஆகவில்லை. அன்று அவன் அழுத மாதிரி ஒரு ஆண் அழுது நான் பார்த்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தத் தெருவில் திரும்பினோம். கேட் திறந்தே கிடந்தது. அந்தப் பெண் நடுவாசலில் நின்றாள். முடியை அள்ளி முடிந்திருந்தாள், உலர்ந்த சேலை கட்டியிருந்தாள், பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் காத்திருக்கிற எந்த அம்மாவையும்போல இருந்தாள். அவர் சுவரோரம் தள்ளி நின்றார். பக்கத்தில் வரவில்லை.

வண்டி நிற்பதற்குள் அவள் வந்துவிட்டாள். எங்களைப் பார்க்கவில்லை. இடது பக்கப் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு சாதாரணமாகத் திறந்தது.

குனிந்து உள்ளே பார்த்தாள். அவளுடைய முகம் எனக்கு ஒரு அடி தூரத்தில் இருந்தது. அழவில்லை.

"வாம்மா" என்றாள். "அம்மா வந்துட்டேன். இறங்கலாம் வா."

இரண்டு கைகளையும் நீட்டினாள். எதையோ அள்ளினாள்.

வண்டி லேசாக மேலெழும்பியது. ஸ்பிரிங் விடுபடுகிற சத்தத்தைக் காது கேட்டான், நானும் கேட்டேன்.

நிமிர்ந்தபோது அவள் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாரம் தூக்கினவர்கள் சாய்கிற சாய்வு அது. ஒரு கையால் அடியில் தாங்கி, மறு கையால் காற்றில் எதையோ தட்டிக்கொண்டே நடந்தாள். காது தன் விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எம்மேல கோவமா இருக்கா?" என்று அவர் சுவரோரத்திலிருந்து கேட்டார். "என்னைப் பாக்குதா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவரைத் தாண்டிப் படியேறினாள். வீட்டுக் கதவு காற்றில் சாத்திக் கிடந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். வாசல் விளக்கு அவள் முதுகில் விழுந்தது. இடது தோளில், உலர்ந்த சேலையில், ஈரம் ஒன்று வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் தலை சாய்ந்து படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு.

அவர் அசையாமல் அதையே பார்த்தார். அவள் திரும்பாமல், தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற மெல்லிய குரலில் சொன்னாள்.

"கதவத் திறங்க. எனக்குக் கை ஒழியல."

அவர் ஒரு செருப்பைச் சுவரோரத்திலேயே விட்டுவிட்டு ஓடினார்.