மூணாவது முழுக்கு

ட்ரிங்ங்ங்...!

தர்மராஜின் போன் அலறியது. பரமக்குடி வீட்டில் அவன் வாயருகே கொண்டுபோன இட்லி அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, நான் கனகலட்சுமி பேசுறேன். கனடா... கல்யாணத்துக்கு உங்ககிட்ட ஆன்லைன்ல முப்பது பட்டுச்சேலை வாங்குனேன்ல?"

இவளா!

தர்மராஜுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது.

வெப்சைட்டில் இவள் பெயரில்தான் புகார். 'பெட்டிக்குள்ள பூரா கிழிஞ்ச துணி. பணத்தைத் திருப்பிக் குடு!' வெப்சைட்காரன் மொத்தப் பணத்தையும் முடக்கிவிட்டான். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் தறிக்காரர்களிடம் அந்தச் சேலைகளையே வாங்கியிருந்தான். புகாரில் தோற்றால் வீடு போச்சு!

"அண்ணே, லைன்ல இருக்கீகளா? சேலை பூராம் அம்புட்டு அழகுண்ணே! எங்க நாத்தனா கண்ணு வச்சிட்டா!"

பாருங்கள் கொழுப்பை! எழுத்தில் கிழிஞ்ச துணி... வாயில் அம்புட்டு அழகு! வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாள்.

"இப்ப எங்க இருக்கீக?"

"ஊருக்கு வந்திருக்கேன், கடலாடியில. எங்க அய்யா தவறிட்டாகண்ணே... அஸ்தியக் கரைக்க சேதுக்கரைக்குப் போறேன். ஒத்தப் பொம்பள. எனக்குத் தண்ணின்னாலே உசுரு போயிரும். எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு... சேலைக்கார அண்ணனைக் கூப்புடு, நல்ல மனுசன், துணைக்கு வருவாருன்னு. வாரீகளா?"

வீட்டையும் பிடுங்கிக்கொண்டு எடுபிடி வேலைக்கும் கூப்பிடுகிறாளா?

டிங்!

போனில் வெப்சைட்டின் அறிவிப்பு வந்து விழுந்தது.

'வாங்கியவர் இன்று மாலைக்குள் பதில் தராவிட்டால் புகார் உங்களுக்குச் சாதகமாக முடிக்கப்படும்.'

பதில் தராவிட்டால்...

பதில் தர ஆளே இல்லாவிட்டால்...?

தர்மராஜின் குரலில் தேன் வழிந்தது.

"இந்தா கிளம்பிட்டேன் தங்கச்சி!"

*

சேதுக்கரை. உச்சி வெயில்.

அமாவாசை இல்லாத நாள். கரையில் ஈ காக்காய் இல்லை. மந்திரம் சொன்ன ஐயர் தட்சணையோடு நடையைக் கட்டிவிட்டார். அவள் வந்த வாடகைக் காரின் டிரைவர் மலையாண்டி, கோயில் பக்கம் வண்டியை நிறுத்தி வாயைப் பிளந்து தூங்கினான்.

கனகலட்சுமி கலயத்தைக் கடலில் கவிழ்த்தாள். அய்யா கரைந்து போனார். கேவிக் கேவி அழுதாள்.

"மூணு முழுக்குப் போடணும்ல? கையப் பிடிச்சுக்கங்கண்ணே... விட்டுறாதீக!"

"விடுவேனா தங்கச்சி?"

இடுப்பளவுத் தண்ணீரில் அவன் கேட்டேவிட்டான்.

"ஏன் அப்படிப் புகார் எழுதுனீக?"

"என்ன புகார்ணே?"

"பெட்டிக்குள்ள கிழிஞ்ச துணின்னு!"

"அய்யய்யோ! எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. ஆர்டர் போட்டது, பணம் கட்டுனது எல்லாம் அவருதான். இருங்க, இன்னைக்கே அவருகிட்டக் கேக்குறேன்."

என்னமாய் நடிக்கிறாள்!

நம்பியிருக்கலாம். ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

"சரி விடுங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுகுங்க."

முதல் முழுக்கு. எழுந்தாள். இருமினாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

"நீங்க இருக்கீகள்ல... பயமே இல்லண்ணே!"

இரண்டாவது. எழுந்தாள்.

மூணாவது...

எழவில்லை.

எழ விடவில்லை அந்தப் பாவி!

அவள் தலைமேல் அவன் உள்ளங்கை. அவன் இன்னொரு கையையே பற்றிக்கொண்டு அவள் உதைத்தாள், துடித்தாள். அந்தக் கையை நம்பித்தானே கடலில் இறங்கினாள்? வளையல் உடைந்தது. குமிழி... குமிழி... அப்புறம் குமிழியும் இல்லை.

தர்மராஜ் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஐயையோ! அலை இழுத்துருச்சே! டிரைவர்... ஓடியாப்பா!"

மலையாண்டி விழுந்தடித்து ஓடி வந்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யோ அம்மா! நல்ல மனுசியாச்சே! இருங்க சார், வண்டி பேசிவிட்ட அவுக வீட்டுக்காரருக்குச் சொல்றேன்!"

சொல்லுப்பா. நல்லாச் சொல்லு.

*

தர்மராஜ் கரையில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, கரையில் வைத்திருந்த போன் அடித்தது.

"சேலைக்கார அண்ணனா? வினோத்குமார் பேசுறேன். கனகலட்சுமி வீட்டுக்காரன்."

"தம்பி... என்னால காப்பாத்த முடியலையே தம்பி!"

"ஏண்ணே அழுறீக? நான் அழுறேனா?"

தர்மராஜுக்குச் சுருக்கென்றது.

"புகார் எழுதுனது நாந்தாண்ணே. அவ பேருல. பாவம், அவளுக்குப் பாஸ்வேர்டு கூடத் தெரியாது."

"எ... எதுக்கு?"

"எனக்கு இங்கன வேற ஒருத்தி இருக்கா. கனகு போனாத்தான் அவ வீட்டுக்கு வருவா. அதுக்குத் தோதா ஒரு ஆளைத் தேடுனேன். உங்க கடைக்கு ஒத்த ஸ்டார் போட்டவுகளுக்கு நீங்க எழுதுன பதிலைப் படிச்சேன் பாருங்க... 'வீடு புகுந்து வெட்டுவேன்', 'நாக்கை அறுப்பேன்'... அடேங்கப்பா! புடிச்சாலும் புடிச்சேன், புளியங்கொம்பாப் புடிச்சேன்!"

"டேய்! போலீசுல சொல்லிருவேன்டா!"

"நீங்க எதுக்குச் சிரமப்படுறீக? நானே சொல்லிட்டேன். 'கையில கிடைச்சா கடல்ல அமுக்கிருவேன்'னு போன வாரம் அவளுக்கு எழுதுனீகளே... அம்புட்டையும் போலீசுக்கு அனுப்பியாச்சு. ஜீப்பு வந்துக்கிட்டிருக்கும்."

கொலைகாரனுக்கும் கவலை ஒன்றுதான்.

"அப்ப... என் பணம்? என் வீடு?"

"அட, அதைச் சொல்ல மறந்துட்டேன். நீங்க சேதுக்கரைக்குக் கிளம்புன கையோட, புகாருக்கு அவ பேருல பதில் போட்டுட்டேன். அவ தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடியே நீங்க தோத்துட்டீக!"

தர்மராஜ் மணலில் ஓங்கி அறைந்தான். வெட்டுவேன், அறுப்பேன் என்று எழுதிய கை!

"வச்சிரவாண்ணே? ஆங்... ஒண்ணே ஒண்ணு. உடம்பு கரை ஒதுங்குனா கனடாவுக்கு அனுப்பி வச்சிறாதீக..."

வினோத்குமார் கொட்டாவி விட்டான்.

"ரிட்டர்ன் எடுக்குற பழக்கம் எனக்கில்ல!"